பாக்டீரியா நோய்களுக்கு வாசனை எண்ணெய்: கலவை, அளவு, தெளிக்கும் முறை

ஓமம், கிராம்பு, லவங்கப்பட்டை, எலுமிச்சம்புல், தைம், ஆரிகானோ ஆகியவற்றின் எண்ணெய்கள் பயிர்களைத் தாக்கும் பாக்டீரியாக்களைக் கொல்லும். ஆய்வுக்கூடத் தட்டில் இதைக் காட்டுவது எளிது. வயலில்தான் சிக்கல். பாக்டீரியா சாகும் அளவுக்கும் இலை கருகும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி என்ற அளவில் மருந்தாக இருக்கும் கிராம்பு எண்ணெய், ஐம்பது மில்லியைத் தாண்டினால் களைக்கொல்லி; இலை கருகுவது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். அந்த இடைவெளிக்குள் நிற்கக் கற்பதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி.

முதலில் நோய் பாக்டீரியாவால் வந்ததா என்று உறுதி செய்யுங்கள். இலைப்புள்ளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர் கோத்ததுபோல் ஊடுருவித் தெரியும். புள்ளி நரம்புகளுக்கு இடையே கோணமாக அடங்கியிருக்கும். சுற்றி மஞ்சள் வளையம் இருக்கலாம். வளையத்துக்குள் வளையமாகவோ, பூசணத் தூளுடனோ இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. செடி பச்சையாகவே வாடினால் தண்டை அடியில் வெட்டி, வெட்டிய முனை மட்டும் முங்கும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா ஏற்படுத்தும் பாக்டீரியா வாடல். அந்தச் செடியை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

காரணம் எளியது. இந்த எண்ணெய்கள் தொட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்யும், செடிக்குள் பயணிக்காது. பாக்டீரியாவின் செல் சவ்வில் கரைந்து அதை ஓட்டையாக்குகின்றன. பொட்டாசியம் அயனிகளும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறும் வெளியே கசிய, செல் ஆற்றலற்றுச் சாகிறது. இலைப்பரப்பில், விதைத்தோலில், மண்துகள் இடுக்கில் இருக்கும் பாக்டீரியாவை இப்படி எட்டலாம். நீர்க்குழாய்த் திசுவுக்குள் ஓடும் ரால்ஸ்டோனியாவையோ, சல்லடைக் குழாய்க்குள் வாழும் எலுமிச்சைப் பசுமைநோய்க் கிருமியையோ எட்ட முடியாது.

இலையில் புள்ளி விழுந்த பிறகு தெளித்தால் பலன் குறைவதற்கும் காரணம் உண்டு. இலைப்புள்ளி நோய்கள் பலவற்றை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகும்போது தன்னைச் சுற்றிப் பிசின் போன்ற கூழைச் சுரக்கிறது. உணவுப் பொருள்களைக் கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன் கம் என்பது அதே கூழ்தான். முட்டைக்கோசில் கருப்பு அழுகலை உண்டாக்கும் இனத்திலிருந்தே எடுக்கிறார்கள். அந்தக் கூழுக்குள் ஒளிந்த கூட்டத்தை எண்ணெய் எளிதில் துளைக்காது. ஆகவே இதைக் காப்பு மருந்தாக நினையுங்கள். மழைக்கு முன், கவாத்துக்கு முன், நாற்று பிடுங்குவதற்கு முன் தெளிக்க வேண்டும்.

எந்த எண்ணெய்?

பயிர்களைத் தாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ‘கிராம் எதிர்’ வகை (கிராம் என்பவர் பெயரிலான சாயச் சோதனையில் அந்தச் சாயம் நிற்காதவை). அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. பல எண்ணெய்கள் அதில் தடுக்கி நின்றுவிடும். தைமாலும் கார்வக்ராலும் அந்த வெளிச்சவ்வையே சிதைக்கக்கூடியவை. அதனால் முதல் தேர்வு அவற்றைக் கொண்ட தைம், ஆரிகானோ, ஓமம். ஓம எண்ணெயில் தைமால் பொதுவாக 35 முதல் 60 சதம் வரை இருக்கும்; குளிர்ந்தால் அடியில் படிகமாக உறையும் ஓம உப்பு அதுவேதான். அடுத்து லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு. வீரியம் அதிகம், இலையைக் கருக்குவதும் அதிகம். கிராம்பின் யூஜினால் நடுத்தரம். எலுமிச்சம்புல்லின் சிட்ரால் நன்றாக வேலை செய்யும், ஆனால் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் சிதையும். யூகலிப்டஸ் எண்ணெய் மணத்தில் காட்டும் வேகத்தைப் பாக்டீரியாவிடம் காட்டாது. இந்த வேலைக்கு அதை வாங்க வேண்டாம்.

வாங்கும்போது பெயரைவிட உட்பொருளின் சதவீதத்தைப் பாருங்கள். லவங்கப்பட்டை எண்ணெயும் லவங்கப்பட்டை மர இலை எண்ணெயும் ஒரே மரத்தில் கிடைத்தாலும் வேறு வேறு பொருள்கள்: பட்டையில் சின்னமால்டிஹைடு, இலையில் பெரும்பங்கு யூஜினால். ஒன்றுக்குச் சொன்ன அளவு மற்றதற்குப் பொருந்தாது. தைம் எண்ணெயிலும் தைமால் மிகக் குறைந்த ரகங்கள் உண்டு. விற்பவரிடம் அந்தத் தொகுப்பின் உட்பொருள்களைப் பிரித்து அளந்து காட்டும் ஜிசி-எம்எஸ் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். கிராம்பு மொட்டு எண்ணெய் என்றால் யூஜினால் 75 சதத்துக்கு மேல், எலுமிச்சம்புல் என்றால் சிட்ரால் 70 சதத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

அறிக்கை கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் காற்றாட வையுங்கள். எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாள்போல் கறை ஊடுருவி நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது. கிராம்பு போன்ற கனமான எண்ணெய் காய இன்னும் சற்று நேரம் எடுக்கும். ஓமத்தையோ கிராம்பையோ சமையல் எண்ணெயில் ஊறவைத்து எடுப்பது வாசனை எண்ணெய் ஆகாது. தண்ணீரில் கொதிக்கவைத்த கஷாயமும் ஆகாது. நீராவியில் வடித்தெடுத்ததைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

கலவை

எண்ணெய் தண்ணீரில் கரையாது. பால்மமாக, அதாவது எண்ணெய் நுண்துளிகளாகத் தண்ணீரில் பரவி நிற்கும் பால் போன்ற கலவையாக, மாற்றாமல் டேங்கில் ஊற்றினால் சில செடிகளுக்கு வெறும் தண்ணீரும் சில செடிகளுக்குத் தனி எண்ணெயும் போய்ச் சேரும். இந்த மருந்தைக் கைவிட்டவர்களில் பலர் தோற்றது இங்கேதான்.

பால்மமாக்கப் பாலிசார்பேட் 80 நல்லது. ட்வீன் 80 என்றும் விற்கும். இது மின்சுமை இல்லாத பொருள் என்பதால் உப்புத் தண்ணீரிலும் கடினத் தண்ணீரிலும் திரியாது. பொட்டாசியம் சோப்பு கடினத் தண்ணீரில் திப்பியாகத் திரண்டு முனையை அடைக்கும். பாத்திரம் தேய்க்கும் திரவம் இலையின் மெழுகைக் கழுவிவிடும், வேண்டாம்.

20 சத மூலக்கரைசல், 100 மில்லி செய்ய:

எண்ணெய் 20 மில்லி
பாலிசார்பேட் 80, 20 மில்லி
சுத்தமான தண்ணீர் 60 மில்லி

1. எண்ணெயையும் பாலிசார்பேட்டையும் காய்ந்த கண்ணாடிக் குடுவையில் முதலில் ஒன்றாக்குங்கள். தண்ணீர் இப்போது வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் கலக்கினால் கோடு கோடாக ஓடுவது நின்று ஒரே சீராகும். ஓம எண்ணெயில் படிகம் இருந்தால் குப்பியை 50 முதல் 55 பாகை செல்சியஸ் வெந்நீரில் நிறுத்தி உருக்கிய பிறகே அளந்தெடுங்கள். தைமால் சுமார் 50 பாகையில் உருகும். படிகத்தை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுத்தால் மருந்தை விட்டுவிட்டு மணத்தை எடுத்ததாகிவிடும்.

2. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே கலக்குங்கள். நடுவில் கூழ்போல் கெட்டியாகும். தவறு நடந்துவிட்டதென்று நிறுத்த வேண்டாம். தொடர்ந்து சேர்த்தால் இளகிப் பால் நிறமாகும். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் அந்தக் கூழ் கட்டி கட்டியாக நின்றுவிடும்.

3. கைக்கலக்கியால் ஒரு நிமிடம் அடித்தால் துளிகள் இன்னும் நுண்ணியதாகும். நுண்ணிய துளி என்றால் அதே அளவு எண்ணெய் அதிகப் பரப்பைத் தொடும், ஓரிடத்தில் தேங்கிக் கருக்குவதும் குறையும்.

4. ஒரு கண்ணாடிக் குழாயில் சிறிது எடுத்து 24 மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே தயிராடைபோல் ஒதுங்கினால் குலுக்கிப் பயன்படுத்தலாம். தனி எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பாலிசார்பேட்டை ஒன்றரை மடங்காக்கி மறுபடியும் செய்யுங்கள்.

இந்த மூலக்கரைசலில் 5 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டால் எண்ணெய் ஒரு மில்லி, அதாவது 0.1 சதம், 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு). 10 லிட்டர் டேங்குக்கு 50 மில்லி. சொட்டுக் கணக்கில் அளக்காதீர்கள். சொட்டின் பருமன் எண்ணெய்க்கு எண்ணெய், குப்பிக்குக் குப்பி மாறும். ஊசி கழற்றிய சிரிஞ்சு போதும், ஒவ்வொரு முறையும் புதியது. பழையதன் ரப்பர் எண்ணெயில் உப்பிச் சிக்கிக்கொள்ளும். தெர்மோகோல் கோப்பையில் ஊற்றினால் கோப்பையே கரைந்து போகும். கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு, எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பாத்திரங்கள் பாதுகாப்பானவை.

தைமால் படிகமாகவே கிடைத்தால் 20 கிராமை 20 மில்லி எத்தில் ஆல்கஹாலில் கரைத்து, 20 மில்லி பாலிசார்பேட் சேர்த்து, தண்ணீரால் 100 மில்லியாக்குங்கள். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. மூலக்கரைசலை நிழலில், நிரம்பிய கருங்குப்பியில் ஒரு வாரம் வரை வைக்கலாம். தண்ணீரில் நீர்த்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

அளவு, சோதனை

கீழே உள்ளவை தொடங்கும் அளவுகள். முடிவான அளவை உங்கள் பயிர்தான் சொல்லும். இளம் நாற்றுகளுக்கு 0.05 சதம். வளர்ந்த தக்காளி, மிளகாய், முட்டைக்கோசுக்கு 0.1 சதம். எலுமிச்சை, மாதுளை போன்ற தடித்த முற்றிய இலைக்கு 0.1 முதல் 0.2 சதம், ஆனால் அதே மரத்தின் கொழுந்துக்கு 0.1 சதத்தைத் தாண்ட வேண்டாம். வெள்ளரிக் குடும்பத்தின் மெல்லிய இலைக்கு 0.03 சதத்தில் தொடங்குங்கள். லவங்கப்பட்டை எண்ணெய் என்றால் இவை எல்லாவற்றிலும் பாதி.

ஒவ்வொரு பயிர் ரகத்திலும், எண்ணெயின் ஒவ்வொரு புதிய தொகுப்பிலும் முன்சோதனை தேவை. ஐந்து செடிகளுக்குத் திட்டமிட்ட அளவு, ஐந்துக்கு அதன் இரு மடங்கு, ஐந்துக்கு எண்ணெய் இல்லாத பாலிசார்பேட் தண்ணீர் மட்டும். 72 மணி நேரம் காத்திருங்கள். இலை ஓரம் பழுப்பாகிறதா, துளி தேங்கிய நுனியில் கரும்புள்ளி விழுகிறதா, கொழுந்து சுருள்கிறதா என்று பாருங்கள். இரு மடங்கிலும் கருகாவிட்டால் திட்டமிட்ட அளவை நம்பித் தெளிக்கலாம். மூன்றாவது ஐந்து செடிகளும் கருகியிருந்தால் குற்றம் எண்ணெயில் இல்லை, பாலிசார்பேட்டின் அளவில். இந்த மூன்றாவது குழுவை விட்டுவிட்டுச் சோதிப்பவர்கள் காரணம் தெரியாமல் எண்ணெயை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

விதையிலிருந்தே தொடங்குங்கள்

இந்த எண்ணெய்கள் மிக நம்பகமாகப் பயன்படும் இடம் விதை. பரப்பு சிறியது, மழை இல்லை, வெயில் இல்லை, எண்ணெய் பாக்டீரியாவைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. தக்காளியின் இலைப்புள்ளி, முட்டைக்கோசின் கருப்பு அழுகல் இரண்டும் விதையோடு பயணிப்பவை.

விதையைத் தளர்வாகத் துணிப்பையில் கட்டி, 0.1 சதத் தைம் அல்லது ஓம எண்ணெய்ப் பால்மத்தில் 30 நிமிடம், அவ்வப்போது கலக்கியபடி ஊறவிடுங்கள். விதையின் எடையைப்போல் ஐந்து மடங்கு கரைசலாவது இருக்கட்டும். எடுத்து நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி நிழலில் உலர்த்துங்கள். முன்னதாக 50 விதையை மட்டும் இப்படிச் செய்து, நேர்த்தி செய்யாத 50 விதையோடு ஈரத்தாளில் முளைக்கவைத்து ஒப்பிடுங்கள். முளைப்பு 5 சதத்துக்கு மேல் குறைந்தால் அளவைப் பாதியாக்குங்கள். பழைய விதையும் தோலில் கீறல் விழுந்த விதையும் எண்ணெயை உள்ளே குடித்து முளை கருகிப் போகும்.

விதைத்தோலுக்கு உள்ளே புகுந்த தொற்றுக்கு வெந்நீரே மேல். தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் 50 பாகையில் 25 நிமிடம் என்பது நிலைபெற்ற முறை. வெப்பமானி இல்லாமல் முயல வேண்டாம். இரண்டு பாகை கூடினால் முளை போகும், குறைந்தால் பாக்டீரியா தப்பும். வெள்ளரி, அவரைக் குடும்ப விதைகள் வெந்நீரைத் தாங்காது. அவற்றுக்கு எண்ணெய் நேர்த்தி நல்ல மாற்று.

தெளிப்பது

நேரம் கணக்குப் போட்டுத் தேர்வு செய்ய வேண்டியது. உச்சி வெயிலில் எண்ணெய் ஆவியாகிவிடும், இலையும் கருகும். 30 பாகைக்கு மேல் தெளிக்கவே வேண்டாம். இருட்டிய பிறகு தெளித்தால் இலை இரவெல்லாம் ஈரமாக நிற்கும், பாக்டீரியாவுக்கு அதைவிடப் பெரிய விருந்து இல்லை. வெயில் தணிந்து, இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது தெளித்து முடித்தால் இலையும் காயும், எண்ணெயும் இரவின் குளிரில் சற்று நின்று வேலை செய்யும். பனியோ மழையோ நனைத்த இலைகளுக்கு நடுவே நடக்காதீர்கள். உங்கள் ஆடையே நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோகும்.

அழுத்தம் குறைவாக, நுண்ணிய முனையால், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். அழுத்தம் அதிகமானால் இலைத்துளைகள் வழியே தண்ணீர் உள்ளே திணிக்கப்படும், மேலே இருந்த பாக்டீரியாவும் கூடவே போகும். இதே காரணத்துக்காகச் சிலிக்கான் கலந்த பரவல் திரவங்களைச் சேர்க்காதீர்கள். அவை தண்ணீரை இலைத்துளைக்குள் இழுப்பதில் கெட்டிக்காரத்தனம் உள்ளவை. ஆய்வுக்கூடங்களில் செடிக்கு வேண்டுமென்றே நோய் ஏற்றவே அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். இலை பளபளவென நனைந்து, சொட்டத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். சொட்டினால் எண்ணெய் இலை நுனியில் சேர்ந்து அங்கேதான் முதலில் கருகும்.

எண்ணெய் இலையில் நீண்ட நாள் தங்காது. நோய்க்கான காலநிலை நீடிக்கும்வரை 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறை தெளிக்க வேண்டும். பலத்த மழை பெய்தால் இலை காய்ந்ததும் மறுபடியும். பூ விரிந்த நேரத்தில் பூவின் மேல் வேண்டாம். மகரந்தமும் தேனீயும் பாதிக்கப்படும்.

வேறு மருந்தோடு கலப்பதைப் பற்றி: கந்தகத்தோடு சேர்க்காதீர்கள், கந்தகம் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் வேண்டாம், இலை கருகும். தாமிர மருந்தை எதிர்த்து நிற்கும் சாந்தோமோனாஸ் பல இடங்களில் பெருகியிருப்பதால் தாமிரமும் எண்ணெயும் மாறி மாறித் தெளிப்பது நல்ல யோசனை. இரண்டையும் ஒரே டேங்கில் விட்டால் எண்ணெய் தாமிரத்தை இலைக்குள் ஏற்றிக் கருக்கலாம். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ், பேசில்லஸ் போன்ற நன்மை செய்யும் பாக்டீரியாவையும் எண்ணெய் விட்டுவைக்காது, அதனால் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி கொடுங்கள்.

கத்தரிக்கோல், கத்தி கழுவ வாசனை எண்ணெயைச் செலவழிக்க வேண்டாம். 70 சத ஆல்கஹால் அதைவிட விரைவானது.

மண்ணுக்கு

பாக்டீரியா வாடல் வந்த மண்ணில் செடி நட்டபின் ஊற்றுவது வீண், வேரும் கருகும். நடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்த தக்காளி வயல் சோதனைகளில் எக்டருக்கு 73 கிலோ தைமால் இட்டு, பிளாஸ்டிக் நிலப்போர்வையால் ஆறு நாள் மூடி, பிறகு காற்றாடவிட்டு நட்டபோது வாடல் குறைந்தது. சதுர மீட்டருக்கு 7.3 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வயலுக்கு இது எளிதில் கட்டுப்படியாகாது. தொட்டி மண், நாற்றங்கால், பசுமைக்குடில் பாத்தி ஆகியவற்றுக்கு யோசிக்கலாம்.

மண் பிசைந்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் ஈரத்தில் இருக்க வேண்டும். காய்ந்த மண் எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்; சேற்றில் ஆவி பரவாது. பால்மத்தைச் சீராக ஊற்றிக் கிளறி உடனே மூடுங்கள், ஓரங்களை மண்ணால் அணையுங்கள். திறந்தபின் ஒரு வாரம் கழித்து அந்த மண்ணில் கடுகு தூவிப் பாருங்கள். சரியாக முளைத்தால் நாற்று நடலாம், முளை வெளுத்தோ கருகியோ போனால் இன்னும் காற்றாடட்டும். எண்ணெய் எட்டாத ஆழத்தில் ரால்ஸ்டோனியா மிஞ்சியிருக்கும் என்பதால் நோய் தாங்கும் ரகமோ ஒட்டு நாற்றோ கூட இருந்தால்தான் பலன் நிலைக்கும்.

தவறியது எங்கே என்று கண்டுபிடிக்க

கருகல் எந்த வரிசையில் வந்தது என்று பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். டேங்கின் அடியிலிருந்துதான் மருந்து உறிஞ்சப்படுகிறது. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம். பால்மம் உடைந்தால் அடியில் தேங்கி முதல் வரிசைச் செடிகளைக் கருக்கும். தைம், எலுமிச்சம்புல் எண்ணெய்கள் லேசானவை, மேலே மிதந்து டேங்க் தீரும்போது வந்து கடைசி வரிசையைக் கருக்கும். எல்லா வரிசையும் சமமாகக் கருகினால் அளவு கூடிவிட்டது, அல்லது வெயில். செடி தண்ணீரின்றித் துவண்டிருந்தபோது தெளித்தாலும் இப்படி ஆகும்.

கருகவும் இல்லை, நோயும் நிற்கவில்லை என்றால்: எண்ணெய் கலப்படமாக இருக்கலாம், இடைவெளி நீண்டிருக்கலாம், இலையின் அடிப்புறம் நனையாமல் இருந்திருக்கலாம், அல்லது நோய் ஏற்கெனவே செடிக்குள் புகுந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பாத்தியைத் தெளிக்காமல் விடுங்கள். இரு பக்கமும் பத்துச் செடிகளைக் குறித்து, வாரம் ஒரு முறை ஒரே மட்டத்து இலையில் புள்ளிகளை எண்ணிக் குறியுங்கள். நான்கு வாரத்துக்குப் பின்னும் வேறுபாடு இல்லையென்றால் அந்தப் பயிரில் அந்த எண்ணெயை நிறுத்துங்கள். மேலிருந்து தண்ணீர் தெளிக்கும் பாசனத்தைச் சொட்டுநீராக மாற்றுவதும், தழைச்சத்தைக் குறைப்பதும், செடிக்கு இடைவெளி விடுவதும் நடக்காத வயலில் எண்ணெயால் தனியே ஈடுகட்ட முடியாது.

கையாளும்போது

இயற்கையானது என்பதற்காக மெத்தனம் வேண்டாம். நீர்க்காத எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சின்னமால்டிஹைடு ஒருமுறை ஒவ்வாமையைத் தொடங்கிவிட்டால் பிறகு சிறு அளவு பட்டாலே தோலில் ஒவ்வாமை கிளம்பும். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் கலக்குங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது: சிறிதளவு கிராம்பு எண்ணெயைக் குடித்தாலே குழந்தையின் கல்லீரல் பாதிக்கப்படும். விற்பனைக்கான பயிர் என்றால் உங்கள் நாட்டில் அந்த எண்ணெய்க்குப் பயிர்ப் பாதுகாப்பு அனுமதி உண்டா என்பதை முதலிலேயே பாருங்கள். இலையாகவோ பழமாகவோ பச்சையாக உண்பதற்கு ஒரு வாரம் முன் தெளிப்பதை நிறுத்தினால் மணமும் தங்காது.

வேலை முடிந்ததும் டேங்கையும் குழாயையும் சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை, வெறும் தண்ணீரால் ஒரு முறை ஓட்டிக் கழுவுங்கள். வாஷர்களைக் கழற்றித் துடையுங்கள், எண்ணெய் பட்டே இருந்தால் ரப்பர் உப்பி ஒழுகும். கழுவிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். மீனை மயக்கப் பயன்படுத்தும் மருந்து யூஜினால்தான். பயிர் இல்லாத காய்ந்த மண்ணில், நீர்நிலைக்குத் தள்ளி ஊற்றிவிடுங்கள்.